டெஸ்க்டாப் தானாக அணைகிறதா, 'பவர் சர்ஜ்' என்று எச்சரிக்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

காவிரி டெல்டாவில் எந்த ஊரானாலும் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தால் முதலில் நடப்பது ஃபார்மட். அதில் சரியாகாவிட்டால் ராம் மாற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் 'மதர்போர்டு போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த வரிசை தலைகீழானது. நான் பார்த்தவரை, நம் பக்கத்தில் இப்படி அணைகிற மெஷின்களில் நிறைய கேபினட்டுக்கு வெளியே இருக்கும் கோளாறால்தான் அணைகின்றன. மீட்டர் பெட்டியில் தொடங்கி எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) வரை கரண்ட் வருகிற வழியைப் பார்த்துவிட்டு, அப்புறம் உள்ளே போங்கள். வீண் செலவு பெரிதும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. சுவர் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பழக்கம் இல்லாதவர்கள் அந்த வேலையை வயர்மேனிடம் விடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்: எத்தனை மணிக்கு அணைந்தது?

ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் 41 என்ற எண்ணோடு சிவப்புக் குறி தெரியும். பலரும் அதைப் பார்த்ததும் 'பவர் சப்ளை கோளாறு' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அந்த 41 எதுவும் சொல்லவில்லை. அதன் டீடெயில்ஸ் பகுதியில் 'பக்செக்கோட்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 0 இருந்தால் விண்டோஸுக்கே தெரியாமல் மெஷின் நின்றிருக்கிறது: கரண்ட் அறுந்தது, ரீசெட் ஆனது, அல்லது அப்படியே உறைந்து போனதால் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தது. 0 அல்லாத எண் இருந்தால் நீலத் திரை (விண்டோஸ் செயலிழந்து காட்டும் பிழைத் திரை; புதிய விண்டோஸ் 11-இல் கருப்பாக இருக்கும்) வந்திருக்கிறது. கீழே அந்தப் பகுதிக்குப் போங்கள்.

நேரத்தை 41-இல் பார்க்காதீர்கள். அது மெஷின் மறுபடி ஆன் ஆன நேரம். பக்கத்திலேயே 6008 என்ற எண்ணில் இன்னொரு பதிவு இருக்கும். முந்தைய தடவை எத்தனை மணிக்கு எதிர்பாராமல் நின்றது என்று அதன் வாசகத்திலேயே எழுதியிருக்கும். அந்த நேரங்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

இப்போது அந்தத் தாளை ஊரோடு ஒப்பிடுங்கள். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது, பக்கத்து ரைஸ் மில் எப்போது ஓடுகிறது, வீட்டில் தண்ணீர் மோட்டார் எப்போது போடுகிறார்கள். நம் கிராமங்களில் பம்பு செட்டுகளுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பதால், மும்முனை வந்த அந்த நொடியில் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து எழும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கித் தெளியும். அந்தக் கணமும் உங்கள் தாளில் உள்ள நேரமும் பொருந்தினால் பாதி விடை கிடைத்துவிட்டது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன், குறுவை நாற்றங்காலுக்கு போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் நாட்களில் இந்தப் பொருத்தம் ரொம்பவே தெளிவாகத் தெரியும்.

அறிகுறி: பிளக்கைப் பிடுங்கியது போலப் பட்டென்று அணைகிறது

நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, ஃபேன் சத்தம் உட்பட எல்லாம் ஒரே நொடியில் போய்விடுகிறது.

யுபிஎஸ் இருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்று இருக்கும். நம் வெயிலுக்கும் அடிக்கடி போய் வரும் கரண்டுக்கும் இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், அதை நம்ப முடியாது. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் ஒரு டேபிள் ஃபேனை மாட்டி ஓட விட்டு, சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஃபேன் நின்றாலோ சில நிமிடத்தில் யுபிஎஸ் கத்தி ஓய்ந்தாலோ பேட்டரி போய்விட்டது. லோ வோல்டேஜ் வரும்போதெல்லாம் யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவ முயன்று, அங்கே ஒன்றும் இல்லாமல் மெஷினைக் கைவிடுகிறது. பேட்டரியை மாற்றினாலே சரியாகிவிடும்.

அடுத்து, அந்த யுபிஎஸ்ஸில் வேறு என்னவெல்லாம் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மன்னார்குடி பக்கம் ஒரு இ-சேவை மையம். நவம்பர் மாதம், சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்க, வாசல் வரை வரிசை. மெஷின் அடிக்கடி அணைகிறது, ஏற்கெனவே ஃபார்மட் அடித்துப் பார்த்தாயிற்று. எப்போது அணைகிறது என்று மையம் நடத்தும் அக்காவிடம் கேட்டேன். "பிரிண்ட் குடுத்தாத்தான் தம்பி போகுது. சும்மா டைப் பண்ணிக்கிட்டு இருந்தா நாள் பூரா ஓடும்" என்றார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால், லேசர் பிரிண்டரின் பிளக்கும் அதே யுபிஎஸ்ஸில். லேசர் பிரிண்டர் தூங்கி எழும்போது உள்ளே இருக்கும் ஃபியூசர் உருளையைச் சூடாக்க சில நூறு வாட் முதல் ஆயிரம் வாட் வரை ஒரே இழுப்பாக இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட். அடங்கல் (பயிர் விவரச் சான்று) ஒன்று அச்சாகத் தொடங்கியதும் யுபிஎஸ் திணறி வெட்டிவிடுகிறது. பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்குக்கு மாற்றினோம், வேறு எதையும் தொடவில்லை. லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின் மூன்றும் எந்த நாளும் யுபிஎஸ்ஸில் இருக்கக் கூடாது. இங்க்ஜெட் என்றால் பரவாயில்லை.

யுபிஎஸ் இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்கள் நிறைய. கரண்ட் போகும்போது மட்டும் அணைகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது முன்பக்கம் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 'யுபிஎஸ்' ஒரு பக்கமும் 'நார்மல்' அல்லது 'எக்கோ' மறுபக்கமும் எழுதியிருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. நல்ல எஸ்எம்பிஎஸ் வெளியிலிருந்து கரண்ட் வராமல் சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும், மலிவானது அதற்கும் குறைவு. எக்கோ நிலையில் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள அதைவிட அதிக நேரம் எடுக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆனால் யுபிஎஸ் நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் நிரந்தரமாக இருக்கும் ஊரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். அங்கே முதலில் ஸ்டெபிலைசர் தேவை.

இன்னொரு நுணுக்கம். புதிய, நல்ல தரமான எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும். மலிவு யுபிஎஸ் தருகிற சதுர அலை கரண்டை அவற்றில் சில ஏற்றுக்கொள்ளாமல் அணைந்துவிடும். புது எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது, அதுவும் பேட்டரியில் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால், சைன் வேவ் யுபிஎஸ் (ஈபி கரண்ட் போலவே சீரான அலை தருவது) ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

விளக்குகள் மங்குவதற்குப் பதில் சில நேரம் பளீரென்று அதிகமாக எரிகிறதா? ஒரு அறையில் மங்கி, அடுத்த வீட்டில் அல்லது வேறு ஃபேஸில் பிரகாசமாகிறதா? உடனே மெயினை அணையுங்கள். நியூட்ரல் லூஸாக இருக்கிறது. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸ் 300 வோல்ட்டைத் தாண்டிப் போகும். கம்ப்யூட்டர் மட்டுமில்லை, ஃபிரிட்ஜ், டிவி எல்லாமே போகும். லைன்மேனிடம் சொல்லுங்கள், அல்லது மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள். 'கரண்ட் சரியில்லை' என்று சொல்லாமல், 'நியூட்ரல் லூஸ் மாதிரி தெரிகிறது, ஒரு பக்கம் மங்கி ஒரு பக்கம் அதிகமாக எரிகிறது' என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எதைத் தேட வேண்டும் என்று வருகிறவருக்குத் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஆன் செய்ததும் கருப்புத் திரையில் 'பவர் சப்ளை சர்ஜஸ் டிடெக்டட்'

ஏசுஸ் மதர்போர்டு உள்ளவர்களுக்கு இது பழக்கமான வாசகம். போன தடவை ஓடியபோது பவர் சப்ளையில் ஏற்ற இறக்கம் தெரிந்தது, 'ஆன்ட்டி சர்ஜ்' காவல் வேலை செய்தது, எஃப்1 அழுத்து என்று சொல்லும்.

இதைப் படித்ததும் எல்லோரும் ஈபியைத் திட்டுகிறார்கள். ஆனால் மதர்போர்டு சுவரில் வரும் 230 வோல்ட்டைப் பார்ப்பதே இல்லை. எஸ்எம்பிஎஸ் மாற்றித் தருகிற 12, 5, 3.3 வோல்ட்டுகளைத்தான் அது அளக்கிறது. அவை எல்லையைத் தாண்டினால்தான் இந்த எச்சரிக்கை. வெளியே வோல்டேஜ் ஆடுவது அதற்குத் தூண்டுதலாக இருக்கலாம், ஆனால் அந்த ஆட்டத்தை வடிகட்டித் தர வேண்டிய எஸ்எம்பிஎஸ் தன் வேலையைச் செய்யவில்லை என்பதுதான் செய்தி.

இணையத்தில் தேடினால் எளிதான வழி ஒன்று கிடைக்கும்: பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போய், மானிட்டர் பகுதியில் 'ஆன்ட்டி சர்ஜ் சப்போர்ட்' என்பதை டிஸேபிள் செய். அளந்து பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். அது காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருட்டு நின்றது என்பது போல. சென்சார் தப்பாகப் படித்துப் பொய் எச்சரிக்கை தருவதும் உண்டு என்பது உண்மைதான். அதை உறுதி செய்துகொண்டு அணைப்பது வேறு.

அளப்பது இப்படி. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்து சும்மா தொங்கும் நான்கு ஓட்டை மோலெக்ஸ் கனெக்டர் ஒன்றைத் தேடுங்கள். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, நடுவில் இருக்கும் இரண்டு கருப்பும் கிரவுண்ட். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைக் கருப்பிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் செருகுங்கள். இரண்டு முனையும் ஒன்றோடொன்று படக் கூடாது. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். ஐந்து சதவீதம்தான் சலுகை. மெஷின் சும்மா இருக்கும்போது அளப்பதில் பெரிய பயன் இல்லை. ஒரு கேம் அல்லது வீடியோ ரெண்டரிங் ஓடும்போது பாருங்கள். சும்மா இருக்கையில் 12.1 காட்டிய மஞ்சள், வேலை கொடுத்ததும் 11.3-க்கு இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் காட்டும் வோல்டேஜை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் 12 வோல்ட் இடத்தில் 8 என்று அது காட்டினால், பொய் சொல்வது சென்சார்தான்.

மீட்டர் சரியான அளவைக் காட்டினாலும் எச்சரிக்கை தொடர்ந்தால், நண்பர் வீட்டிலிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டி ஓரிரு நாள் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கும் குறைவான துடிப்புகளை மல்டிமீட்டர் காட்டாது. கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷின்களில் இது அதிகம். கார்டு ஒரு கணம் மட்டும் தன் அளவைத் தாண்டி இழுக்கும், பழைய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையே இந்தத் துடிப்புகளைக் கணக்கில் எடுத்து எழுதப்பட்டதுதான். மாற்று எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதே எச்சரிக்கை வந்தால் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதன் பிறகும் வந்தால் மட்டும் அந்த ஆன்ட்டி சர்ஜை அணைக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 450, 500 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால், 12-ஆல் பெருக்கினால் 192 வாட். கம்ப்யூட்டருக்குள் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அறிகுறி: விண்டோஸ் உள்ளே 'யுஎஸ்பி போர்ட்டில் பவர் சர்ஜ்'

பெயர் ஒன்று, நோய் வேறு. ஏதோ ஒரு யுஎஸ்பி சாதனம் போர்ட் தரக்கூடியதை விட அதிகமாக இழுக்கிறது என்று பொருள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. கைரேகைக் கருவி, வெப்கேம், வெளி ஹார்ட் டிஸ்க், போன் சார்ஜ் எல்லாம் ஒரே ஹப்பில் தொங்கினால் இது வரும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது வருகிறதோ அதுதான்.

ஒன்றுமே மாட்டாமல் வருகிறதா? அல்லது ஆன் செய்ததும் யுஎஸ்பி ஓவர் கரண்ட் என்று சொல்லி 15 நொடியில் தானே அணைகிறதா? டார்ச் அடித்து முன்பக்க யுஎஸ்பி ஓட்டைகளைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நாக்கு உடைந்து, பின்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். முன்பக்க யுஎஸ்பி வயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டுப் பாருங்கள். எச்சரிக்கை நின்றால் அந்த முன்பக்க போர்டை மட்டும் மாற்றினால் போதும்.

அறிகுறி: கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடிக்கிறது

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் உள்ள வடிகட்டிச் சுற்று, கசிகிற கரண்டை எர்த் வழியே வெளியேற்றும்படி அமைந்தது. எர்த் இல்லாதபோது அந்தக் கசிவு கேபினட் தகட்டில் தங்கி, வரும் வோல்டேஜில் பாதி அளவுக்குத் தகடு ஏறி நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். கைரேகைக் கருவி தடுமாறுவது, மவுஸ் நின்று நின்று வருவது, காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆவது எல்லாம் இதோடு சேர்ந்து வரலாம்.

வயர்மேனை வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் அளவு ரொம்பக் குறைந்தோ, நியூட்ரல்-எர்த் இருபது முப்பது என்றோ இருந்தால் எர்த் குழியைப் பாருங்கள். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த் பிரமாதமாகப் பிடிக்கும். சித்திரை வைகாசியில் வயல் வெடிப்பது போலவே எர்த் குழியைச் சுற்றியும் மண் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும். இரண்டு மூன்று குடம் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கடலோரத்தில் குழாயும் கிளாம்பும் துரு ஏறி, வயர் வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதும் சகஜம். எர்த் சரியில்லை என்று பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் விட்டுப்போன அன்று கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். தொடுகிறவர் உயிர் போகும்.

அறிகுறி: ஓடி அரை மணி நேரம் கழித்து, அல்லது மதியத்தில் மட்டும் அணைகிறது

சூடு. ஹெச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) போன்ற இலவச மென்பொருளில் பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். வேலை கொடுக்கும்போது 95 டிகிரியைத் தொட்டால் அதுவே காரணமாக இருக்கலாம். ரைஸ் மில் பக்கத்துக் கடைகளிலும் நெல் மண்டி அலுவலகங்களிலும் ஹீட் சிங்க்கின் இடுக்கில் தவிட்டுத் தூசி கம்பளம் போலப் படிந்திருக்கும். மழைக்கால ஈரத்தில் அது அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும், வாயால் ஊதினால் போகாது. ஹீட் சிங்க்கைக் கழற்றி பிரஷ் போட்டு, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். ஃபேனை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சிலந்திவலை, பல்லி முட்டை எல்லாம் அங்கே இருக்கும்.

அறிகுறி: நீலத் திரை, அல்லது படம் அப்படியே உறைந்து நிற்கிறது

சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி' பகுதிக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் நீலத் திரையைப் படிக்க நேரம் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைப் பெயர் வந்தால் ராம் மேல் சந்தேகம். மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு ஒரு இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் கூடாது. வாங்குவதற்கு முன், ராமை உருவி, அதன் தங்க நிறப் பற்களை மென்மையான ரப்பரால் துடைத்து, துகள் இல்லாமல் தட்டி மாட்டிப் பாருங்கள். 'வியா' (WHEA) என்று தொடங்கும் வன்பொருள் பிழையே திரும்பத் திரும்ப வந்தால் சூடு, எஸ்எம்பிஎஸ், ஓவர் கிளாக் (பிராசஸரை அதன் அளவைத் தாண்டி ஓட்டுவது) மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் பிராசஸரைச் சந்தேகப்படுங்கள். உறைந்து நிற்கும்போது ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

அறிகுறி: இடி மழைக்கு மறுநாளிலிருந்து தொல்லை

ஐப்பசி கார்த்திகையில் நிறைய வரும். ஸ்பைக் பஸ்டர் இருந்ததே என்பார்கள். அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சிறு வில்லை ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வரும். எர்த் இல்லாத பிளக்கில் அதன் பாதுகாப்பு பாதிதான். 'புரொடெக்டட்' விளக்கு எரியவில்லை என்றால் அது இனி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

அடி கரண்ட் வழியாகத்தான் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். மொட்டை மாடி வழியாக வீட்டுக்கு வீடு இழுத்த இணைய வயர் செம்பாக இருந்தால் இடி அதன் வழியே உள்ளே வரும். லேன் போர்ட் விளக்கு எரியவில்லை, மெஷினும் அடிக்கடி உறைகிறது என்றால் பயாஸில் ஆன்போர்டு லேனை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். தொல்லை நின்றுவிட்டால் தனி லேன் கார்டு போட்டு அந்த மதர்போர்டையே தொடரலாம்.

மழைக்காலத்தில் இடி கேட்டதும் ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கையும் லேன் வயரையும் கையால் உருவி வையுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு நடந்தது போலக் கம்பங்கள் நட்டு லைன் திரும்ப இழுக்கிற நாட்களில், கரண்ட் வந்த உடனே கம்ப்யூட்டரைப் போடாதீர்கள். முதலில் ஒரு குண்டு பல்பை எரிய விட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். மங்காமல், பளீரிடாமல் ஒரே சீராக எரிந்தால் மெஷினை மாட்டலாம்.